அடகிலிருந்து மீண்ட முள்முடி

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாரிஸ் நகரத்தில் இருக்கும் ஒரு சிறிய கோயிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சேன் ஆற்றின் நடுவே சிதே என்றொரு தீவு இருக்கிறது. அதன் கிழக்குக் கோடியில் நிற்பது நோத்ர தாம் பேராலயம். அதைத் தெரியாதவர் இல்லை. அங்கிருந்து சில நிமிட நடையில், நீதிமன்றக் கட்டடங்களுக்கு இடையே ஒடுங்கி நிற்கிறது சேன்ட் ஷப்பெல். வழக்கறிஞர்களும் காவலர்களும் வழக்குக்கு வந்தவர்களும் நடமாடும் வளாகம் அது. 700 ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடம் பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனை. அரண்மனைக்குள் ஒன்பதாம் லூயி மன்னர் கட்டிய கோயில்தான் இது. ஒரு திருப்பண்டத்தை வைப்பதற்காகவே அவர் அதைக் கட்டினார். இயேசுவைச் சிலுவையில் அறையும் முன், படைவீரர்கள் ஏளனமாக அவர் தலையில் வைத்து அழுத்தினார்கள் என்று நற்செய்தி கூறும் முள்முடி அது.

இந்தக் கோயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே வண்ணக் கண்ணாடிகளுக்குப் போய்விடுவார்கள். நானும் போவேன். ஆனால் முதலில் கடன் கணக்கைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பக்தி, பணம், அதிகாரம், கலை, கொடுமை எல்லாம் இந்தக் கதையில் ஒரே கயிறாக முறுக்கிக் கிடக்கின்றன. ஒரு புரியை மட்டும் உருவிக் காட்டினால் கதை பொய்யாகிவிடும் என்பதுதான் என் கட்சி.

1204இல் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும். எருசலேமை மீட்கப் புறப்பட்ட நான்காம் சிலுவைப் போர்ப்படை எருசலேம் பக்கமே போகவில்லை. கான்ஸ்டான்டினோபிளின் மேல் பாய்ந்தது. கிழக்குக் கிறிஸ்தவ உலகத்தின் தலைநகரை மேற்குக் கிறிஸ்தவர்கள் சூறையாடினார்கள். தேவாலயங்களின் பொன்னும் வெள்ளியும் போயின, திருப்பண்டங்களும் போயின. சூறையாடியவர்கள் அங்கேயே ஒரு பேரரசை நிறுவி, தங்களில் ஒருவரை அரியணையில் ஏற்றினார்கள். முள்முடி அந்த நகரத்து அரண்மனைக் கோயிலில் இருந்தது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது எருசலேமில் வணங்கப்பட்டதற்குக் குறிப்பு உண்டு. நோலா ஆயர் பவுலினுஸ் எழுதியிருக்கிறார். பிறகு ஏதோ ஒரு காலத்தில் கான்ஸ்டான்டினோபிளுக்கு வந்து சேர்ந்தது. இப்போது அது புதிய ஆட்சியாளர்கள் கையில்.

கொள்ளையில் பிறந்த அந்தப் பேரரசு ஒரு தலைமுறைக்குள் நொடித்துப் போனது. இரண்டாம் பால்ட்வின் என்ற இளம் பேரரசர் கையேந்தி ஐரோப்பிய அரசவைகளைச் சுற்றி வந்தார். அரண்மனைக் கூரையின் ஈயத் தகடுகளைக் கழற்றி விற்கும் நிலை வந்தது. பின்னாளில் பெற்ற மகனையே வெனிஸ் வணிகர்களிடம் ஈடாக வைத்தார். 1238இல் அவர் பிரான்சில் உதவி கேட்டு நின்றபோது, ஊரில் இருந்த அவருடைய பிரபுக்கள் செலவுக்கு வழியில்லாமல் முள்முடியை அடகு வைத்துவிட்டார்கள். கடன் தொகை 13,134 பொற்காசுகள். கொடுத்தவர்கள் வெனிஸ்காரர்கள். கெடுவுக்குள் மீட்காவிட்டால் பொருள் வெனிசுக்குச் சொந்தம்.

மீட்க முன்வந்தவர் பிரான்சின் ஒன்பதாம் லூயி. பன்னிரண்டு வயதில் முடிசூடி, தாய் பிளான்ஷின் கண்காணிப்பில் வளர்ந்து, அப்போதுதான் இருபத்து நான்கை எட்டியிருந்தவர். ஆனால் ஒரு சிக்கல். திருப்பண்டத்தை விலை பேசக் கூடாது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அதைத் தெளிவாகவே தடை செய்திருந்தது. வழி கண்டுபிடித்தார்கள். பால்ட்வின் தன் உறவினரான லூயிக்கு முள்முடியை அன்பளிப்பாகத் தருகிறார். லூயி தன் உறவினரின் கடனை அடைக்கிறார். விற்பனை என்ற சொல் எந்த ஓலையிலும் இல்லை. இதை வெறும் தந்திரம் என்று நான் தள்ளமாட்டேன். விலை வைக்கக் கூடாத பொருள் என்ற எண்ணம் அந்த மனிதர்களிடம் உண்மையாகவே இருந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு சுற்றி வளைத்திருக்க வேண்டியதில்லை.

தொமினிக்கன் சபைத் துறவிகள் இருவரை லூயி அனுப்பினார்: ழாக், அந்த்ரே. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அடகுப் பத்திரம் எழுதி முடிந்திருந்தது. துறவிகளும் முள்முடி இருந்த பேழையோடு கப்பலேறி வெனிசுக்குப் போனார்கள். ஒருவர் அங்கேயே தங்கிப் பேழைக்குக் காவல் இருந்தார். மற்றவர் பணத்துக்காக மன்னரிடம் திரும்பினார். கடன் தீர்ந்தது. பேழை ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்தது.

1239 ஆகஸ்டில், சான்ஸ் நகரத்துக்கு அருகே வில்நெவ் லார்ஷெவெக் என்ற ஊரில் மன்னர் அதை எதிர்கொண்டார். சான்ஸ் பேராயர் கொத்தியே கொர்னுய் உடன் இருந்து பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். வெளியே ஒரு மரப்பெட்டி. அதற்குள் வெள்ளிப் பேழை. அதன் மேல் கான்ஸ்டான்டினோபிள் பிரபுக்களின் முத்திரைகள், வெனிஸ் அதிபரின் முத்திரை. கையோடு கொண்டுவந்த ஓலைகளில் இருந்த முத்திரைகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உடைத்தார்கள். உள்ளே ஒரு பொற்பேழை. அதைத் திறந்தபோது மன்னரும் தாயும் தம்பிமாரும் கண்ணீர் விட்டு அழுதார்கள். முத்திரை சரிபார்த்த கையும் அழுத கண்ணும் ஒரே இடத்தில்! பேராயரின் குறிப்பில் என் மனத்தில் தங்கிய இடம் இதுதான். மறுநாள் லூயியும் தம்பி ரொபேரும் அரச உடையைக் களைந்துவிட்டு, சாதாரண அங்கியோடு, வெறுங்காலோடு, பேழையைத் தோளில் சுமந்து சான்ஸ் நகருக்குள் நடந்தார்கள். சில நாளில் ஆற்று வழியாகப் பாரிஸ் வந்து, அங்கும் அதேபோல் வெறுங்கால் ஊர்வலம்.

பிறகு பால்ட்வினிடமிருந்து மேலும் பல வந்தன. சிலுவை மரத்தின் துண்டு, ஈட்டியின் முனை, கடற்பஞ்சு என்று மொத்தம் 22 திருப்பண்டங்கள். முள்முடிக்கு லூயி செலவிட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படும் தொகை அன்றைய பிரெஞ்சுப் பணத்தில் 1,35,000 லிவ்ர். அரசின் ஓராண்டு வருமானத்தில் அது ஏறத்தாழப் பாதி என்று கணிப்பவர்கள் உண்டு. திருப்பண்டங்களை வைக்கச் செய்த பெரும் பொற்பேழைக்கு 1,00,000. அவற்றுக்கெல்லாம் கூரையாக எழுந்த கோயிலுக்கு ஆன செலவு 40,000 லிவ்ர்தான். இன்று உலகம் வந்து அண்ணாந்து பார்க்கிற கட்டடம், அன்றைய கணக்கில் மிக மலிவான உறுப்பு.

1248 ஏப்ரல் 26 அன்று கோயில் அர்ப்பணிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே வேலை முடிந்துவிட்டது. பேராலயங்கள் மூன்று நான்கு தலைமுறை இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் இது வியப்பு. கட்டிய தலைமைக் கொத்தனின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

கோயில் இரண்டு அடுக்கு. கீழ்க்கோயில் அன்னை மரியாளுக்கு. அரண்மனைப் பணியாளர்கள் வழிபட்ட இடம். தாழ்ந்த வளைவுகள், நீலப் பின்னணியில் பொன் அல்லி மலர்கள், குட்டையான தூண்கள். மேல்கோயில் மன்னருக்கும் திருப்பண்டங்களுக்கும். அரண்மனை மாடியிலிருந்து மன்னர் நேரே நடந்து வந்துவிடலாம். நாம் இன்று ஒரு குறுகிய சுழல் படிக்கட்டில் ஏறுகிறோம். ஒருவர் பின் ஒருவராகக் கல்லைத் தடவிக்கொண்டே ஏறவேண்டும். கடைசிப் படியில் தலை நிமிர்ந்ததும் சுவர் இல்லை. நான்கு பக்கமும் கண்ணாடி. பதினைந்து பெரும் சாளரங்கள், பக்கவாட்டில் இருப்பவை 15 மீட்டர் உயரம். உட்புற உயரம் 20 மீட்டருக்கு மேல். அகலம் அதில் பாதிதான். சிவப்பும் நீலமும் கலந்து ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் அந்தரத்தில் தொங்குகிறது. உள்ளே வந்தவர்கள் பேச்சை நிறுத்துவதை நான் கவனித்திருக்கிறேன். காவலர் யாரும் சொல்லாமலே நிறுத்துகிறார்கள்.

கூரையின் கற்கள் எங்கே நிற்கின்றன என்ற கேள்வி எழும். வெளியே போய்ப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு சாளரத்துக்கும் இடையில் தடித்த முட்டுச்சுவர்கள் வெளிப்பக்கமாக ஆழ நீண்டு நிற்கின்றன. உள்ளே நிற்பவருக்கு அவற்றின் முன் விளிம்பு மட்டுமே தெரியும்; அதையும் மெல்லிய தூண் கொத்துகளாகச் செதுக்கி மறைத்திருக்கிறார்கள். நோத்ர தாமில் இருப்பது போன்ற பறக்கும் முட்டுகள் இங்கே இல்லை. இன்னொரு துணை இரும்பு. சாளரங்களுக்குக் குறுக்கே ஓடும் இரும்புப் பட்டைகள் முட்டுச்சுவர்களை ஒன்றோடொன்று கோத்துக் கோயிலையே இடுப்புக் கச்சை போலச் சுற்றிக் கட்டுகின்றன. கண்ணாடியைத் தாங்கும் சட்டம் என்று பார்வையாளர் எண்ணிக்கொள்ளும் அதே கம்பிகள்தான் கட்டடத்தையும் தாங்குகின்றன. 13ஆம் நூற்றாண்டில் கல்லுக்குள் இவ்வளவு துணிச்சலாக இரும்பைக் கலந்த கொத்தனுக்கு, பெயர் தெரியாவிட்டாலும், நாம் எழுந்து நின்று வணக்கம் சொல்லலாம்.

கண்ணாடிக்கு வருவோம். 1,113 காட்சிகள். மூன்றில் இரண்டு பங்கு 13ஆம் நூற்றாண்டின் மூலக் கண்ணாடியே. விரல் நீளத் துண்டுகள், நகம் அளவுத் துண்டுகள். ஒவ்வொன்றையும் ஈயப் பட்டையில் பொருத்தி, முகத்தையும் துணி மடிப்பையும் கருஞ்சாந்தால் தீட்டிச் சூளையில் சுட்டிருக்கிறார்கள். நுழைந்ததும் இடப்பக்கம் முதல் சாளரத்தில் படைப்பின் கதை. அங்கிருந்து விடுதலைப் பயணம், எண்ணிக்கை, யோசுவா, நீதித் தலைவர்கள் என்று விவிலியம் சுற்றி வருகிறது. நடுவில், பேழை இருந்த இடத்துக்கு நேர் பின்னால், இயேசுவின் பாடுகள். சாளரங்களைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

இத்தனை கதைகளில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள், எதை நீட்டினார்கள் என்று பார்த்தால் மன்னரின் மனம் புரியும். முடிசூட்டும் காட்சி வந்துகொண்டே இருக்கிறது. எண்ணிக்கை ஆகமத்தில் குலத்தலைவர்களுக்கு எண்ணெய் பூசி முடிசூட்டும் சடங்கு விவிலியத்தில் இல்லாத விரிவோடு ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிறது. எஸ்தர் அரசிக்கு ஒரு முழுச் சாளரம். ஓரங்களில் பிரான்சின் பொன் அல்லியும், மன்னரின் தாய் பிளான்ஷ் பிறந்த காஸ்டீல் நாட்டின் பொற்கோட்டையும் மாறி மாறி வருகின்றன. வலப்பக்கக் கடைசிச் சாளரம் சுற்றை முடிக்கிறது. அங்கே புனித எலேனா சிலுவையைத் தேடிக் கண்டெடுக்கிறார்; பிறகு வெறுங்காலோடு ஒரு மன்னர் வருகிறார். அவர் லூயி. சாலமோனும் தாவீதும் நடந்த அதே வரிசையில், உயிரோடிருந்த மன்னர் தன்னையும் கண்ணாடியில் நிறுத்திக்கொண்டார். முள்முடி இருக்கும் இடமே புதிய எருசலேம். அதைக் காக்கும் அரசனே தாவீதின் வாரிசு. பாரிசின் மன்னர் இதை ஒரு வார்த்தை எழுதாமல் கண்ணாடியிலேயே சொல்லிவிட்டார்.

அப்படியானால் பக்தி வேடமா? இல்லை என்றே நான் நம்புகிறேன். மன்னரின் நண்பரும் அவர் வரலாற்றை எழுதியவருமான ழுவான்வில் ஒரு காட்சியைப் பதிவு செய்கிறார். 1267ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் இந்தக் கோயிலுக்குள் வந்தபோது, திருப்பண்டங்கள் இருந்த மேடையின் மேல் மன்னரே ஏறி நின்று, சிலுவைத் துண்டைக் கீழே இறக்கச் செய்துகொண்டிருந்தார்.  மன்னர் மறுபடியும் சிலுவைப் போருக்கு உறுதி எடுக்கப் போகிறார் என்று அங்கிருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. முதல் முறை 1248இல், இந்தக் கோயில் அர்ப்பணிக்கப்பட்ட ஆண்டின் கோடையிலேயே புறப்பட்டுப் போய், எகிப்தில் படையை இழந்து, சிறைப்பட்டு, மீட்புப் பணம் கட்டி மீண்டவர் அவர். மறுநாள் எண்ணியபடியே உறுதி எடுத்தார். ழுவான்வில் உடன் போக மறுத்துவிட்டார். என் குடிமக்கள் போன முறை பட்டது போதும் என்றார். லூயி போனார். 1270இல் தூனிஸ் அருகே நோயில் இறந்தார். தன் நாட்டுக்கும் தன் உடம்புக்கும் இவ்வளவு விலை கொடுத்தவரை வேடக்காரர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதே மன்னரின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். 1240இல் பாரிசில் யூதர்களின் தல்மூத் நூல் மேல் ஒரு விசாரணை நடந்தது. யூத ரபிகள் நின்று பதில் சொன்னார்கள். தீர்ப்பு முன்பே எழுதப்பட்டது போலத்தான் வந்தது. 1242இல் தல்மூத் ஏடுகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து, க்ரேவ் சதுக்கத்தில் கொட்டிக் கொளுத்தினார்கள். எல்லாம் கையால் எழுதிய ஏடுகள். ஒன்றை எழுதி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த நெருப்பு எரிந்த அதே ஆண்டுகளில்தான், ஆற்றின் நடுத் தீவில், சேன்ட் ஷப்பெலின் கற்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அதே சாளரங்களில் மோசேயும் யோசுவாவும் எஸ்தரும் பொன்முடியோடு ஒளிர்கிறார்கள். 1269இல் யூதர்கள் உடையில் அடையாளத் துணி தைத்துக்கொள்ள வேண்டும் என்று இதே மன்னர் ஆணையிட்டார். முள்முடி, ஏளனத்தின் அடையாளம்; யூதர்களின் அரசன் என்று சொல்லி ஒரு யூதர் தலையில் சூட்டியது. அதை வெறுங்காலோடு சுமந்தவர் இதைச் செய்தார். 1297இல் அவருக்குப் புனிதர் பட்டம் தரப்பட்டது. இந்த முரணை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. அந்தக் கண்ணாடியின் அழகைச் சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

முள்முடி இன்று எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். ஓவியங்களில் பார்த்த கூர்முள் வளையத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் திகைப்பார்கள். அதில் முள்ளே இல்லை. கோரைப்புல் தண்டுகளைச் சேர்த்துப் பொன் இழையால் கட்டிய ஒரு வளையம். விட்டம் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர். முட்கள் ஒவ்வொன்றாகப் பரிசாகப் போய்விட்டன. பைசாந்தியப் பேரரசர்களும் கொடுத்தார்கள், லூயியும் கொடுத்தார், பின்வந்தவர்களும் கொடுத்தார்கள். 1400 வாக்கில் பெரி நாட்டுக் கோமகன் ழானுக்காகப் பொன்னிலும் மணியிலும் செய்த ஒரு முள் பேழை, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறிய அளவில் இறுதித் தீர்ப்பு நாளையே வடித்திருக்கிறார்கள், நடுவில் ஒற்றை முள்.

இது உண்மையிலேயே இயேசுவின் தலையில் இருந்ததா? முதல் நான்கு நூற்றாண்டுகளுக்கு ஆவணத் தொடர்ச்சி கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபையும் இதை நம்பியே தீரவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. வரலாற்று மாணவனாக நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: குறைந்தது 1,600 ஆண்டுகளாக முள்முடி என்ற ஒன்றின் முன் மனிதர்கள் மண்டியிட்டு வருகிறார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. பெரும் பொற்பேழை உலைக்குள் போனது. 1,00,000 லிவ்ர் வேலைப்பாடு உருகிக் கட்டியானது. முள்முடி தப்பித் தேசிய நூலகத்தின் தொல்பொருள் பிரிவில் சில காலம் கிடந்தது. பிறகு பாரிஸ் பேராயரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1806இல் நோத்ர தாம் போய்ச் சேர்ந்தது. சேன்ட் ஷப்பெலுக்கு அது திரும்பவே இல்லை. காலியான கோயிலை நீதித்துறை ஆவணக் கிடங்கு ஆக்கினார்கள். சாளரங்களின் அடிப்பகுதியை அடைத்து ஆள் உயரத்துக்கு மேல் அலமாரிகள். மறைந்த இடத்திலிருந்து கழற்றிய கண்ணாடிகள் விலைக்குப் போயின. சில இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1830களின் இறுதியில் தொடங்கி, துய்பான், லஸ்யூ, வியோலே ல துய்க் போன்ற கட்டடக் கலைஞர்கள் ஒரு தலைமுறைக் காலம் உழைத்துக் கோயிலை மீட்டார்கள். 2015இல் முடிந்த ஏழாண்டுப் பணியில், கண்ணாடியில் படிந்த கரியை லேசர் ஒளியால் அகற்றி, வெளிப்பக்கம் காப்புக் கண்ணாடி பொருத்தினார்கள்.

2019 ஏப்ரல் 15, பெரிய வாரத்தின் திங்கட்கிழமை மாலை. நோத்ர தாம் கூரை எரிந்து கோபுரம் சரிந்ததை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த நெருப்புக்குள் போய் முள்முடியை எடுத்து வந்தார்கள். தீயணைப்புப் படையின் ஆன்ம குருவான அருட்தந்தை ழான் மார்க் ஃபூர்னியே முன்னின்றார்; பேராலயப் பணியாளர்களும் தீயணைப்பு வீரர்களும் கைக்குக் கை மாற்றிப் பண்டங்களை வெளியேற்றினார்கள். லூயி உடுத்தியதாகச் சொல்லப்படும் அங்கியும் அன்று தப்பியது. அந்த இரவு முள்முடியைப் பாரிஸ் நகர மன்றத்தில் வைத்துக் காத்தார்கள். நகர மன்றத்தின் முன் சதுக்கத்துக்குப் பழைய பெயர்தான் க்ரேவ். 1242இல் தல்மூத் ஏடுகள் எரிந்த இடம்.

பிறகு முடி லூவர் அருங்காட்சியகம் போய், புதுப்பித்த நோத்ர தாமுக்கு 2024 டிசம்பர் 13 அன்று திரும்பியது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகலில் மக்கள் வணங்க வெளியே கொண்டுவருகிறார்கள்.

உங்கள் பிள்ளைகள் யாராவது பாரிசில் இருந்தால், நீங்கள் போகிற நாள் வந்தால், ஒரு வேண்டுகோள். முதலில் சேன்ட் ஷப்பெலுக்குப் போங்கள். நீதிமன்ற வளாகம் என்பதால் பையைச் சோதிப்பார்கள், வரிசை நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். கையடக்கத் தொலைநோக்கி ஒன்று எடுத்துப் போங்கள். வெறுங்கண்ணுக்கு மேல் காட்சிகள் எட்டா. வெயில் உள்ள நாளாகப் பாருங்கள். எல்லோரும் நடுச் சாளரத்தை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பி, அந்தக் கடைசிச் சாளரத்தில் காலணி இல்லாத மன்னரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அந்தச் சாளரத்தில் பல துண்டுகள் 19ஆம் நூற்றாண்டுப் புதுக்கண்ணாடி. பழையதன் சிவப்பு ஆழமாக, ஒரே சீராக இல்லாமல் இருக்கும், அதைக் கொண்டு பிரித்தறியலாம். பிறகு நோத்ர தாமுக்கு நடந்து போங்கள்.